நிலம் கிடைத்த பிறகு ஊர் என்ன செய்தது?
மரினலேதா கூலி விவசாயிகளின் வரலாறு

(விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் வாசகம்)

தோழர்களே!

இன்று நாம் ஒரு சின்ன ஊரைப் பற்றிப் பேசுவோம். ஸ்பெயின் தேசத்தின் தென்பகுதியில் அந்தலூசியா என்றொரு மாகாணம் இருக்கிறது. அதில் செவில் ஜில்லாவில், எசிஹா, எஸ்தெப்பா என்ற இரண்டு பழைய பட்டணங்களுக்கு நடுவே உள்ளது மரினலேதா. மொத்த ஜனத்தொகை 2,700 பேர் அளவில்தான். மலையில்லை, கடலில்லை, பெரிய கோவில் கோபுரம் இல்லை. வழிப்போக்கன் நின்று பார்க்க அங்கே ஒன்றுமில்லை. ஆனாலும் உழைப்பாளி மக்களைப் பற்றிப் பேசுகிற இடங்களிலெல்லாம் அந்த ஊரின் பேர் அடிபடுகிறது. நிலம் வேண்டும் என்று உலகில் எத்தனையோ ஊர்க்காரர்கள் கேட்டார்கள். சில ஊர்க்காரர்கள் வாங்கியும் விட்டார்கள். வாங்கிய பிறகு அந்த நிலத்தை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தன் சொந்த அறிவால் விடை தேடிய ஊர் இது. அந்த விடையைத்தான் நாம் இன்று பரிசீலிக்க வேண்டும்.

கூலிக்காரர்களின் பூமி

அந்தலூசியா வறண்ட பூமி அல்ல. கோதுமை விளையும், சூரியகாந்தி விளையும், ஒலிவ மரங்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை வரிசையாக நிற்கும். ஒலிவக் காயைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்தான் அந்த ஜனங்களுக்குச் சமையல் எண்ணெய். இவ்வளவு விளைகிற பூமியில் உழைக்கிறவன் மட்டும் பட்டினி கிடந்தான். ஏன்?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரசர்கள் அந்தப் பிரதேசத்தைப் போரில் பிடித்தபோது, தங்களுக்குத் துணை நின்ற பிரபுக்களுக்கும் மத ஸ்தாபனங்களுக்கும் பெரும் பெரும் பரப்புகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். மரினலேதாவும் பல காலம் எஸ்தெப்பா பிரபுவின் ஆதிக்கத்துக்கு உட்பட்டுக் கிடந்த ஊர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாராளவாதிகளின் சர்க்கார் வந்தது. 1836-லும் 1855-லும் மடங்களின் நிலத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் ஏலம் போட்டது. ஏலத்தில் யார் எடுப்பார்கள்? பணம் உள்ளவன் எடுத்தான். ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைக்கு இருந்த பொது நிலமும் கைவிட்டுப் போயிற்று.

மிஞ்சியது இரண்டு கைகள்தான். அங்கே கூலி விவசாயிக்கு 'ஹோர்னலேரோ' என்று பேர். அன்றாடக் கூலியில் பிழைப்பவன் என்று பொருள். விடியற்காலையில் ஊர் மைதானத்தில் வந்து நிற்பான். பண்ணைக் கங்காணி வந்து பார்ப்பான். "நீ வா, நீ வா" என்று விரலை நீட்டுவான். சங்கத்தில் சேர்ந்தவன் மேல் அந்த விரல் நீளாது. வெயில் காலத்தில் கோதுமை அறுப்பு, குளிர் காலத்தில் ஒலிவக் காய் பறிப்பு. இரண்டுக்கும் இடையே மாதக் கணக்கில் வேலையில்லை. அறுப்பு முடிந்த வயலைப் பார்த்துக் கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்கிற அனுபவம் இங்கே கூடியிருக்கிற நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1931-ல் ஸ்பெயினில் முடியாட்சி போய்க் குடியரசு வந்தது. 1932-ல் நிலச் சீர்திருத்தச் சட்டம் போட்டார்கள். சட்டம் காகிதத்தில் ஓடியது, நிலத்தில் நொண்டியது. 1933 ஜனவரியில் காசாஸ் விஹாஸ் என்ற அந்தலூசியக் கிராமத்தில் கிளர்ந்தெழுந்த ஏழைகளைப் போலீஸ் படை சுட்டுக் கொன்றது. 1936 ஜூலையில் ராணுவத் தளபதிகள் குடியரசை எதிர்த்துக் கலகம் செய்தார்கள். செவில் பட்டணம் சில நாட்களிலேயே அவர்கள் கையில் விழுந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் சங்கத்துக்காரர்களைத் தேடித் தேடிச் சுட்டார்கள். 1939-ல் தொடங்கிய பிராங்கோவின் முழுச் சர்வாதிகாரம் 1975 நவம்பரில் அவன் சாகும் வரை நீடித்தது. சங்கமில்லை, கூட்டமில்லை, பேச்சில்லை. 1960-களில் பிழைப்புத் தேடி லட்சக்கணக்கான அந்தலூசியர்கள் பார்சலோனா ஆலைகளுக்கும், ஜெர்மனிக்கும், ஸ்விட்சர்லாந்துக்கும் போனார்கள். கிராமத்துக் கூலி விவசாயி பட்டணத்து ஆலைத் தொழிலாளியானான். ஆகவே, தோழர்களே, நிலப் பிரச்னை ஆலைத் தொழிலாளிக்கு அந்நியமானதல்ல. கிராமத்தில் நிலமில்லாதவன்தான் ஆலை வாசலில் குறைந்த கூலிக்கு வந்து நிற்கிறான்.

பட்டினியை எதிர்த்துப் பட்டினி

பிராங்கோ செத்த மறு வருஷம், 1976-ல், அந்தலூசியாவில் நிலத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மரினலேதாவிலும் அது வேர் விட்டது. 1979 ஏப்ரலில் சர்வாதிகாரத்துக்குப் பிறகு முதல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. சங்கத்தில் நின்ற கூலிக்காரர்களே ஊராட்சிக்கும் போட்டியிட்டுப் பெரும்பான்மையாக வென்றார்கள். ஹுவான் மனுவேல் சாஞ்செஸ் கோர்தியோ என்ற இளம் பள்ளி ஆசிரியர் ஊராட்சித் தலைவரானார்.

ஊராட்சி கையில் வந்து விட்டது. ஆனால் ஊராட்சிப் பெட்டியில் பணமில்லை. ஊர் ஜனங்கள் கையில் வேலையில்லை. 1980 ஆகஸ்டில், ஒலிவ அறுவடைக்கு இன்னும் பல மாதம் இருக்கையில், சர்க்கார் கொடுத்து வந்த நிவாரண வேலைக்கான பணம் போதவில்லை. அப்பொழுது ஊரே கூடி ஒரு முடிவெடுத்தது. ஆணும் பெண்ணுமாகச் சுமார் 700 பேர் ஒன்பது நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். "பட்டினியை எதிர்த்துப் பட்டினிப் போர்" என்று அதற்குப் பேர் வைத்தார்கள். எப்படியும் பட்டினிதான், அந்தப் பட்டினியை வீட்டுக்குள் மறைத்து வைக்காமல் ஊர் நடுவே கொண்டு வந்து வைத்தார்கள். ஸ்பெயின் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அறுவடை வரை தாக்குப்பிடிக்கப் பணம் ஒதுக்கச் சர்க்கார் இணங்க வேண்டியதாயிற்று.

ஆனால் நிவாரணம் நிரந்தரத் தீர்வாகுமா? 1980-களின் நடுவில் கிராம வேலைத் திட்டம் ஒன்று வந்தது. வருஷத்தில் இத்தனை நாள் வேலை செய்ததாகக் கையெழுத்து வாங்கிக் காட்டினால்தான் உதவித் தொகை கிடைக்கும். கையெழுத்துப் போடுகிறவன் யார்? வேலை கொடுக்கிற நிலச்சுவான்தார்! மைதானத்தில் விரல் நீட்டியவன் இப்பொழுது பேனாவை நீட்டினான். சலுகை வாங்கப் போன இடத்திலும் பழைய எஜமானனே உட்கார்ந்திருந்தான். நிலம் கைக்கு வராமல் இந்தக் கட்டு அறாது என்று மரினலேதா மக்கள் தீர்மானித்தார்கள்.

எல் உமோசோவை நோக்கி

ஊருக்கு வெளியே, பத்துக் கிலோ மீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய தூரத்தில், எல் உமோசோ என்ற பண்ணை இருந்தது. அது இன்பந்தாதோ கோமகனுக்குச் சொந்தம். ஸ்பெயினின் மிகப் பெரிய நிலப்பிரபுக்களில் அவர் ஒருவர். கோதுமையும் சூரியகாந்தியும் போட்டிருந்தார்கள். இரண்டும் இயந்திரத்தால் விதைத்து இயந்திரத்தால் அறுக்கிற பயிர். ஒரு சில ஆட்கள் போதும். ஊரில் நூற்றுக்கணக்கான கைகள் சும்மா இருந்தன. பக்கத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கர் அந்தக் கைகளைத் தொடவிடாமல் விளைந்து கொண்டிருந்தது.

முதலில் தண்ணீரைக் கேட்டார்கள். பாசனம் வந்தால் புஞ்சை தோட்டமாகும். தோட்டமானால் ஆளுக்கு வேலை வரும். அதற்காகக் கோர்தொபியா நீர்த்தேக்கத்தில் ஒரு மாதம் குடியேறி உட்கார்ந்தார்கள். பிறகு பண்ணைக்கே போனார்கள். காலையில் ஊரே கிளம்பும். பெண்கள், கிழவர்கள், குழந்தைகள், எல்லோரும் கொடியோடு நடப்பார்கள். போலீஸ் வந்து வெளியேற்றும். மறுபடி போவார்கள். வழக்குகள் விழுந்தன, அபராதங்கள் விழுந்தன. ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் ஆத்திரம் என்று சொல்லலாம். இவர்களோ வருஷக் கணக்கில் போனார்கள். நிலத்தில் கைவைத்தவர்களைக் காட்டிலும், தினமும் நடந்தவர்களைக் கண்டுதான் சர்க்கார் களைத்தது.

கடைசியில், 1991-ல், மாகாண அரசு கோமகனிடமிருந்து அந்தப் பண்ணையில் 1,200 ஹெக்டேரை, அதாவது ஏறத்தாழ 3,000 ஏக்கரை, எடுத்து மரினலேதா உழைப்பாளிகள் வசம் விட்டது. கோமகன் அதை இனாமாகக் கொடுக்கவில்லை என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். நஷ்டஈடு வாங்கிக் கொண்டுதான் விட்டார். நூற்றாண்டுக் கணக்காக விளைந்ததை அனுபவித்த குடும்பத்துக்குப் போகும்போதும் பணம்! ஆனாலும் நிலம் வந்தது. ஒரு ஊர் தன் கால்களால் நடந்து வாங்கிய நிலம் அது.

என்ன பயிரிடுவது?

இந்த இடத்தை, தோழர்களே, கவனமாகக் கேளுங்கள். நமக்கு மிக முக்கியமான பாடம் இங்கேதான் இருக்கிறது.

நிலத்தைத் துண்டு போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொள்ளலாமா என்ற கேள்வி எழுவது சகஜம். அவர்கள் பிரிக்கவில்லை. தனி ஆள் பேரில் பட்டா இல்லை. கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஒன்றாகப் பயிரிட்டார்கள்.

அடுத்த கேள்வி, என்ன பயிர்? கணக்குப் பிள்ளையைக் கேட்டால், "கோதுமையே போடு, இயந்திரத்தை விடு, செலவு குறைவு, லாபம் அதிகம்" என்பான். கோமகனும் அதைத்தான் செய்தார். மரினலேதா மக்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். எந்தப் பயிருக்கு அதிக ஆள் வேண்டும் என்று தேடினார்கள். குடைமிளகாய், கூனைப்பூ என்று சொல்லப்படும் ஆர்ட்டிசோக், மொச்சை இனத்து அவரை, இவற்றோடு ஒலிவ மரம். நட ஆள் வேண்டும், களை எடுக்க ஆள் வேண்டும், பறிக்க ஆள் வேண்டும். பறித்ததைச் சந்தையில் அப்படியே விற்றால் வியாபாரிக்கு லாபம். ஆகவே ஊரிலேயே ஒரு தொழிற்சாலை கட்டினார்கள். காய்களைப் பதப்படுத்தி டப்பாவிலும் சீசாவிலும் அடைத்தார்கள். ஒலிவ எண்ணெய் ஆட்டவும் ஆலை வைத்தார்கள். தொழிற்சாலை வேலையில் பெண்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். வயலில் ஒரு வேலை, ஆலையில் ஒரு வேலை என்று ஒரே விளைச்சல் இரண்டு வேலைகளைப் பெற்றது.

அப்படியானால் அவர்கள் இயந்திரத்துக்கு விரோதிகளா? இல்லை. அங்கே டிராக்டரும் உண்டு, ஆலையில் யந்திரமும் உண்டு. மனிதனை வெளியே தள்ள யந்திரமா, மனிதனுக்கு உதவ யந்திரமா என்பதை யார் தீர்மானிப்பது என்பதே பிரச்னை. புதிய யந்திரம் வந்ததும் ஆட்குறைப்பு நோட்டீஸ் ஒட்டப்படுவதைப் பார்த்த ஆலைத் தொழிலாளிக்கு இதன் அருமை புரியும்.

கூலி எல்லோருக்கும் ஒன்று. வயலில் இருந்தாலும் ஆலையில் இருந்தாலும் பேதமில்லை. 2013 வாக்கில் ஆறரை மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 47 யூரோ கொடுத்தார்கள். ஸ்பெயின் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலியை விட இது மிக அதிகம். லாபம் வந்தால் பங்குதாரர் என்று யாரும் பிரித்து எடுத்துக் கொள்வதில்லை. மேலும் வேலையை உண்டாக்க அதைத் திரும்பப் போடுவார்கள். வேலை குறைந்த காலத்தில் முறை வைத்துப் பங்கிட்டுக் கொள்வார்கள்.

வீடும் தெருவும்

நிலத்தோடு அவர்கள் நிற்கவில்லை. குடியிருக்க வீடு வேண்டாமா? ஊராட்சி மனையைக் கொடுத்தது. வீட்டுக்குப் படம் போடும் நிபுணரையும் கொடுத்தது. மாகாண அரசிடமிருந்து செங்கல், சிமெண்டு முதலிய சாமான்கள் வந்தன. குடியேறப் போகிற குடும்பங்கள் தங்கள் உழைப்பைப் போட்டன. இப்படிச் சுமார் 350 வீடுகள் எழுந்தன. பின்புறம் முற்றத்தோடு கூடிய வீடு. மாதத் தவணை 15 யூரோ அளவாக இருந்தது.  ஒரே நிபந்தனை: இந்த வீட்டை லாபத்துக்கு விற்கக் கூடாது.

இதன் அருமை 2008-க்குப் பிறகு தெரிந்தது. அந்த வருஷம் ஸ்பெயினில் கட்டட வியாபாரம் இடிந்து விழுந்தது. கடன் வாங்கி வீடு வாங்கிய லட்சக்கணக்கான குடும்பங்கள் மேல் வங்கிகள் வழக்குப் போட்டு வீட்டைப் பிடுங்கின. வீடுகள் காலியாகக் கிடந்தன. ஜனங்கள் தெருவில் கிடந்தார்கள். அந்தலூசியாவில் வேலையில் இருந்தவர்கள், வேலை தேடியவர்கள் ஆகியோரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேலையின்றித் தவித்தார்கள். மரினலேதாவிலும் நெருக்கடி தட்டாமலில்லை. ஆனால் கூரையும் கொஞ்சம் வேலையும் அங்கே இருந்தது.

பொது வாழ்வைப் பாருங்கள். பிராங்கோ காலத்துப் பேர்களைத் தெருக்களிலிருந்து கழற்றி எறிந்தார்கள். சே குவேரா, சால்வதோர் அயெந்தே பேர்கள் வந்தன. விளையாட்டு அரங்கின் சுவரில் சேயின் முகம் எழுதப்பட்டிருக்கிறது. வேலைக்குப் போகிற தாய்மார்களின் குழந்தைகளுக்குக் காப்பகம். சாப்பாடு உட்பட மாதம் 12 யூரோ அளவே வாங்கினார்கள். நீச்சல் குளம் கட்டினார்கள்; கூலிக்காரன் பிள்ளை நீந்தக் கூடாதா? ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு சின்னத் தொலைக்காட்சி நிலையம் வைத்தார்கள். ஊராட்சிப் போலீஸ் என்ற தனிப் படையைக் கலைத்து, அந்தப் பணத்தை ஊர்க் காரியங்களுக்குச் செலவிட்டார்கள்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே மண்வெட்டியும் துடைப்பமும் எடுத்துக் கொண்டு பொது வேலைக்குக் கிளம்பும். அதற்குச் 'சிவப்பு ஞாயிறு' என்று பேர். தோட்டம் போடுவார்கள், தெருவைச் சுத்தம் செய்வார்கள். கூலி கிடையாது. பண்ணையாருக்கு வெட்டி வேலை செய்த பாட்டனின் பேரன், தன் ஊருக்குத் தன் விருப்பத்தோடு வேலை செய்கிறான். இரண்டிலும் வியர்வை ஒன்றுதான். ஆனால் அந்த வியர்வைக்கு உடையவன் வேறு.

இத்தனைக்கும் அடிப்படை ஊர்ப் பொதுக்கூட்டம். சங்க மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடுவார்கள். வரி எவ்வளவு, எந்தத் தெருவில் வீடு கட்டுவது, அடுத்த போராட்டம் என்ன, எல்லாம் கையைத் தூக்கித் தீர்மானிக்கப்படும்.

குறைகளையும் பார்க்க வேண்டும்

ஒரு ஊரைப் புகழ்ந்து விட்டுப் போவது நமது வேலையல்ல. கண்ணைத் திறந்து குறையையும் பார்ப்போம்.

முதலாவது, 1,200 ஹெக்டேர் ஊர் முழுவதையும் வருஷம் பூராவும் தாங்காது. பக்கத்து முதலாளிகளின் ஒலிவத் தோப்புகளிலும் மக்கள் கூலிக்குப் போகிறார்கள். சர்க்கார் உதவித் தொகையும் வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. "அரசுப் பணத்தில் வாழ்கிற சொர்க்கம்" என்று ஏளனம் செய்கிறார்கள். வங்கி முதலாளிகளுக்கு அதே அரசு ஆயிரமாயிரம் கோடி கொட்டியபோது அவர்கள் சிரிக்கவில்லை. ஆனால் பதில் சொல்வதோடு பிரச்னை தீராது. சுற்றிலும் முதலாளித்துவச் சந்தை இருக்கும் வரை ஒரு தீவு தன்னந்தனியாக நிமிர்ந்து நிற்பது கஷ்டம். மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் விலை வைப்பது அந்தச் சந்தைதான்.

இரண்டாவது, தலைமை. கோர்தியோ 1979 முதல் 2023 வரை, 44 வருஷம், ஊராட்சித் தலைவராக இருந்தார். தேர்தல்தோறும் மக்கள் வாக்களித்துத்தான் இருந்தார். எளிய வாழ்வு வாழ்ந்தார். 2012-ல் பசித்தவர்களுக்காக எசிஹாவில் ஒரு பெரிய கடையிலிருந்து சங்கத்தார் உணவுப் பொருள்களை வண்டியில் அள்ளிக் கொண்டு வந்தபோது முன்னால் நின்று பழியை ஏற்றார். இருந்தாலும், ஊரின் பேரைச் சொன்னால் ஒரு மனிதரின் பேரே நினைவுக்கு வருகிற நிலைமை ஆரோக்கியமானதா? கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்கினால் வேலையில் முறை தள்ளிப் போகுமோ என்று பயந்தவர்களும் இருந்தார்கள் என்று ஊருக்குள்ளேயே குற்றம் சாட்டப்பட்டது. கைதூக்கி முடிவு செய்கிற ஊரில் எதிர்த்துக் கைதூக்குகிறவனுக்கும் பூரணப் பாதுகாப்பு வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் வெறும் சடங்காகிவிடும். 2019 தேர்தலில் எதிரணியோடு வாக்கு வித்தியாசம் மிகவும் சுருங்கிப் போயிற்று. 2023-ல் அவர் உடல்நலம் குன்றிப் போட்டியிலிருந்து விலகினார்.

மூன்றாவது, இளைஞர்கள். உண்ணாவிரதம் இருந்த தலைமுறைக்கு நிலம் என்றால் உயிர். அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு வீடும் பள்ளியும் ஏற்கெனவே இருந்தன. படித்த பிள்ளை கூனைப்பூ பறிக்கவே ஆசைப்படுவானா? போராட்டத்தில் பிறந்த பழக்கத்தைப் போராட்டம் காணாத பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? இதற்கு மரினலேதா இன்னும் முழு விடை காணவில்லை. அந்தக் கேள்வி நமக்கும் உரியதுதான்.

நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது

தோழர்களே! ஸ்பெயின் வேறு, நம் நாடு வேறு. அங்கே சாதியின் சுவர் நமக்கிருப்பது போல் இல்லை. இங்கே ஒரே தொகுதியாக 3,000 ஏக்கர் காண்பதும் எளிதல்ல. அப்படியே பார்த்து எழுதிக் கொள்ள நாம் இதைச் சொல்லவில்லை. ஆனால் மூன்று விஷயங்களை இங்கிருந்து எடுத்துக் கொண்டு போவோம்.

ஒன்று: நிவாரணத்தைக் கேட்டுப் பெறுவோம், ஆனால் நிவாரணத்தோடு நின்று விட மாட்டோம். கையெழுத்துப் போடுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறதென்று எப்பொழுதும் கேட்போம்.

இரண்டு: நிலமாகட்டும், ஆலையாகட்டும், என்ன உற்பத்தி, எத்தனை பேருக்கு வேலை என்று தீர்மானிக்கிற உரிமையில்தான் உடைமையின் அர்த்தம் இருக்கிறது. அந்த உரிமை கைக்கு வராமல் பட்டாக் காகிதம் மட்டும் வந்தால், நாளைக்கே அதை அடகுக் கடைக்காரன் வாங்கி விடுவான்.

மூன்று: கூட்டம் கூடும் பழக்கம். வெற்றி பெற்ற மறுநாளும் கூட வேண்டும். சலிப்பு வந்த பிறகும் கூட வேண்டும். தலைவர் இல்லாதபோதும் கூட வேண்டும். எல் உமோசோவுக்குத் தினந்தோறும் நடந்த கால்கள் நிலத்தை வாங்கித் தந்தன. மாதந்தோறும் கூட்டத்துக்கு நடக்கிற கால்கள்தான் அதைக் காப்பாற்றித் தரும். நம் சங்கக் கூட்டத்துக்குப் போன தடவை எத்தனை பேர் வந்தோம், வராதவர் வீட்டுக்கு யார் போனோம் என்று கேட்டுக் கொண்டு, அடுத்த கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்துக் கொண்டு வருவோம்.